வெட்டுப்புள்ளி பிறந்த கதை

மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிக்கு ஒரு விதமாகவும் முத்துக்கு வேறு விதமாகவும் மதிப்புப் போட்டார்கள். முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்து வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளாலான ஒரு பட்டினமே முளைக்கும். பொழுது சாயும் நேரத்தில், அன்று கரையேறிய சிப்பிகளில் அரசாங்கத்தின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. வியாபாரிகள் கூட்டமாக வந்த நாளில் அதற்கு ஒரு விலை. ஆள் குறைந்த நாளில் அதே பாரில் எடுத்த சிப்பிக்கு வேறு விலை.

முத்தின் கதை வேறு. சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பிரித்தெடுத்த பிறகு அதைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டு அலசுவார்கள். சல்லடைக்குப் பெயர் ‘பெட்டி’. ஒரே அளவுள்ள பத்துப் பெட்டிகள். முதலாவதில் 20 கண்கள், பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. கண்ணின் எண்ணிக்கை கூடக் கூடக் கண் சிறுக்கும். இருபது கண் பெட்டியில் தங்கிய முத்து பெருமுத்து. அன்றைக்கு எத்தனை முத்து வந்தது, யாருடைய முத்து, பக்கத்துக் கொட்டகைக்காரனுடையது எப்படி என்ற எதையும் பெட்டியின் கண் கேட்பதில்லை.

கணினி வலையமைப்புத் துறையில் நுழைவதற்கான ஒரு சான்றிதழ்ப் பரீட்சைக்கு மன்னாரிலிருந்து ஒரு பிள்ளை ஆயத்தமாகும்போது முதலில் கேட்பது, “பாஸ் மாக்ஸ் எத்தனை?” என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த எண் ஏலத்தில் பிறந்ததா, பெட்டியில் பிறந்ததா என்று தெரிந்தாக வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ‘புள்ளியை மாற்றிப் போடுவது’ என்றாலே நம் சமூகத்தில் நெஞ்சு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. பரீட்சையில் புள்ளி 300இல் தொடங்கி 1000 வரை போகும். 825 எடுத்தால் சித்தி என்று மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சிஸ்கோ சித்திக்கான எண்ணை முன்கூட்டி வெளியிடுவதில்லை, அது மாறக்கூடியது என்றே சொல்கிறது. கொம்ப்டியா அமைப்பின் நெட்வேர்க் பிளஸ் பரீட்சையில் அளவுகோல் 100 முதல் 900 வரை. சித்திக்கு 720 என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறார்கள். அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம்.

720ஐ 900ஆல் வகுத்து, “நூற்றுக்கு எண்பது வேண்டும்” என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்குப் பிழை. அளவுகோல் பூச்சியத்தில் தொடங்கவில்லை என்பதே அதற்குப் போதுமான சான்று: ஒரு கேள்விக்கும் சரியான விடை எழுதாதவருக்கும் 100 இருக்கிறது, சிஸ்கோவில் 300 இருக்கிறது. 100ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் சரிவராது. சரியான விடைகளின் எண்ணிக்கை ஓர் அட்டவணை வழியாக இந்த அளவுகோலுக்கு மாற்றப்படுகிறது. அந்த அட்டவணை ஒவ்வொரு வினாத்தாளுக்கும் தனித்தனி. இலேசான தாள் கிடைத்தவர் கூடுதலான கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தால்தான் 720ஐத் தொடுவார். கடினமான தாள் கிடைத்தவர் சிலவற்றைத் தவறவிட்டும் தொடுவார். இரண்டு பேருடைய 720ம் ஒரே திறமையைக் குறிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம். தாளில் சில கேள்விகள் எதிர்காலத்துக்கான ஒத்திகைக் கேள்விகளாகவும் இருக்கலாம். அவற்றுக்குப் புள்ளியே கிடையாது, எவை என்றும் சொல்லமாட்டார்கள்.

இப்படி ஒரு விசித்திரமான அளவுகோல் எங்கிருந்து வந்தது? அதன் பாட்டன் அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி. அதை 1926இல் முதலில் நடத்தியபோது முன்னின்றவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகாம். இவர் 1923இல் மக்களை இனவாரியாகப் பிரித்து எந்த இனத்துக்கு அறிவு கூட, எதற்குக் குறைவு என்று ஒரு புத்தகம் எழுதியவர். 1930இல் அந்த ஆய்வுக்கு அடித்தளமே இல்லை என்று தானே எழுதி அதைக் கைவிட்டார். அளவுகோல்களின் குடும்பக் கதையில் இந்தக் கறை உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தொடக்க ஆண்டுகளில் அந்தத் தேர்வில் நடந்தது ஏலத்துக்கு நெருக்கமானது. அந்தந்தக் கூட்டத்தின் சராசரியை 500 என்று வைத்து மற்றவர்களை அதிலிருந்து மேலும் கீழும் அளந்தார்கள். கெட்டிக்காரர்கள் அதிகம் எழுதிய வருடத்தில் 500 எடுத்தவரும் சுமாரானவர்கள் எழுதிய வருடத்தில் 500 எடுத்தவரும் காகிதத்தில் ஒன்றே. இது நியாயமில்லை என்பது விளங்கியபோது, 1941 ஏப்ரலில் எழுதிய கூட்டத்தை நிரந்தர அளவாக உறையவைத்தார்கள். பின்னர் வந்த தாள்கள் ஒவ்வொன்றிலும் பழைய தாளிலிருந்த சில கேள்விகளைக் கலந்து, அந்தப் பொதுக் கேள்விகளுக்குப் பழையவர்களும் புதியவர்களும் எப்படி விடையளித்தார்கள் என்று பார்த்து, புதிய தாளின் கடினத்தைக் கணித்தார்கள். ஒரு தாளை முந்திய தாளோடு, அதை அதற்கு முந்தியதோடு என்று சங்கிலியாகக் கோத்து 1941 வரை கொண்டுபோனார்கள். அந்த ஏற்பாடு 1995 வரை நீடித்தது. எதிரே யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது உங்கள் புள்ளியைத் தொடாமல் விலகிப்போன இடம் இதுதான். பெட்டியின் கண் அளவு நிலைபெற்றதும் இங்கேதான்.

ஆனால் அளவுகோல் நிலைத்துவிட்டால் மட்டும் போதாது. கோட்டை எங்கே போடுவது? பல்கலைக்கழகத்தில் இடங்கள் ஆயிரம் என்றால் முதல் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டு கோடு போடலாம். ஒரு வைத்தியரோ விமானியோ மின்பொறியாளரோ தகுதியானவரா என்று தீர்மானிக்க அப்படி முடியாது. எல்லோரும் தகுதியானவர்களாக இருக்கலாம். ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். 1963இல் ராபர்ட் கிளேசர் என்ற உளவியலாளர் ஆளோடு ஆளை ஒப்பிடும் அளவையையும், ஆளைச் செய்யவேண்டிய வேலையோடு ஒப்பிடும் அளவையையும் தெளிவாகப் பிரித்துப் பெயரிட்டார். பெயரிடுவது ஒன்று; நடைமுறையில் கோடு போடுவது இன்னொன்று.

அதற்கான வழி பிறந்த இடம் ஓர் அடிக்குறிப்பு. 1971இல் கல்வி அளவீடு பற்றிய ஒரு பெரிய நூலில், வில்லியம் ஆங்கொஃப் என்பவர் அளவுகோல்கள் பற்றி மிக நீண்ட ஓர் அத்தியாயம் எழுதினார். கோடு போடுவதைப் பற்றி அதில் சொன்னது மிகக் கொஞ்சம். அதிலும் பின்னாளில் உலகமெங்கும் பரவிய முறை பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் கிடந்தது. யோசனை தன்னுடையது அல்ல, தன்னோடு வேலைசெய்த லெட்யார்ட் டக்கருடையது என்றும் அவர் எழுதியிருந்தார். ஆனாலும் முறைக்கு ஆங்கொஃபின் பெயரே நிலைத்துவிட்டது. தொழில்சார் சான்றிதழ்ப் பரீட்சைகளின் உலகத்தில் சித்திக் கோடு போடுவதற்கு மிகப் பரவலாகக் கையாளப்படும் முறை இதுவும் இதன் கிளைகளும்தான்.

முறை இது. துறையில் வேலைசெய்து பழகிய பத்துப் பன்னிரண்டு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைப்பார்கள். “இந்த வேலைக்குப் போதுமான, ஆனால் போதுமான அளவுக்கு ஒரு பிடி மேலே மட்டும் இருக்கிற ஒருவரை மனதில் கொண்டுவாருங்கள்” என்பார்கள். கெட்டிக்காரரையும் கொண்டுவரக் கூடாது, தகுதியில்லாதவரையும் கூடாது. வாசற்படியில் நிற்கிறவரைக் கொண்டுவர வேண்டும். பிறகு ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, “இப்படிப்பட்ட நூறு பேரிடம் இதைக் கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?” என்று கேட்பார்கள்.

நம் ஊரில் வைத்துச் சொல்கிறேன். பேசாலையில் ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகம், 25 கணினிகள். அவை எல்லாம் ஒரே வலையமைப்புக்குள் இருக்க வேண்டும், முகவரிகளும் வீணாகக் கூடாது. எந்த அளவு உபவலை போதும்? /28 கொடுத்தால் பயன்படுத்தக்கூடிய முகவரி 14தான். /27 கொடுத்தால் 32 முகவரிகள். வலையின் பெயருக்கு ஒன்று, ஒலிபரப்புக்கு ஒன்று கழித்தால் 30. ஆக /27. வலை 192.168.10.64இல் தொடங்கினால் கணினிகளுக்கு 65 முதல் 94 வரை, 95 ஒலிபரப்புக்கு. வாசற்படியில் நிற்கிற நூறு பேரில் இதை எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு நிபுணர் 80 என்பார், இன்னொருவர் 70 என்பார். சராசரி 75 என்றால் இந்தக் கேள்வியின் பங்கு 0.75. இப்படி எல்லாக் கேள்விகளின் பங்கையும் கூட்டினால் வருவதுதான் அந்தத் தாளின் வெட்டுப்புள்ளி. அதன் பிறகே அதை 720 என்றோ வேறோர் எண் என்றோ அளவுகோலில் குறிப்பார்கள். 720 என்ற எண்ணுக்கு மந்திரம் எதுவும் இல்லை. அதன் பின்னால் மனிதர்கள் உட்கார்ந்து, இல்லாத ஒரு தொழிலாளியை மனதில் கண்டு, அவருக்காக வாதாடியிருக்கிறார்கள்.

எனக்கு இந்த முறையில் பிடித்தது அந்தக் கற்பனை மனிதர்தான். அவருக்கு ஊர் இல்லை, மொழி இல்லை, எந்தக் கல்லூரி என்றும் இல்லை. வேலை தெரியுமா என்பது மட்டும் இருக்கிறது.

அதே 1971ஆம் ஆண்டை இலங்கைத் தமிழர் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு 400க்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 போதுமானதாக இருந்தது. மருத்துவத்துக்கு 250ம் 229ம். 1973இல் அது மொழிவாரித் தரப்படுத்தல் என்ற முறையான உருவம் பெற்றது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. அங்கே மேசையில் வைக்கப்பட்ட கேள்வி, ‘இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்பதல்ல. எந்தக் கூட்டத்துக்கு எத்தனை இடம் என்று முதலில் முடிவாயிற்று. புள்ளியை அதற்கேற்ப வளைத்தார்கள். ஒரு தலைமுறையின் நம்பிக்கை அந்த இடத்தில் முறிந்தது. அதன் பின்விளைவுகளை இந்தக் கரைக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மன்னாருக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருந்தது. மொழிவாரியாகப் பார்த்தால் நாம் இழந்தவர்கள். மாவட்ட ஒதுக்கீடாகப் பார்த்தால் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்தது. இன்றும் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் மன்னாரும் ஒன்று. இரண்டையும் அனுபவித்த மாவட்டம் இது. ஆகவே புள்ளி மாற்றம் எல்லாமே அநியாயம் என்றும், எல்லாமே நியாயம் என்றும் சொல்ல நம்மால் முடியாது. எந்தக் கேள்விக்கு விடையாக அந்த மாற்றம் பிறந்தது என்று பார்க்கத்தான் முடியும்.

2001இல் வந்த இசட் புள்ளி, மொழி பார்த்து வளைக்கும் வேலையைச் செய்வதில்லை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி பார்க்கிறார்கள். கடினமான பாடம் எடுத்தவரும் இலேசான பாடம் எடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்க அது உதவுகிறது. ஆனாலும் அது கூட்டத்தைப் பார்த்தே அளக்கிறது. கூட்டம் மாறினால் புள்ளியும் மாறும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக் கூட்டத்தையும் புதிய பாடத்திட்டக் கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து கணித்தபோது உயர் நீதிமன்றமே 2012இல் தலையிட்டு அந்தக் கணிப்பை இரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. இடங்கள் குறைவாகவும் கேட்பவர் அதிகமாகவும் இருக்கும் வரை அந்தப் பரீட்சை ஏலமாகத்தான் இருக்கும். வேறு வழி இல்லை.

வலையமைப்புச் சான்றிதழில் இடம் என்று ஒன்று கிடையாது. பேசாலையில் பத்துப் பேர் சித்தியடைந்தால் தாழ்வுபாட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் குறைவதில்லை. ஒரே அறையில் இருந்து இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இருவருக்கும் இலாபம்தான். உயர்தரத்தில் பக்கத்து மேசைக்காரரிடமிருந்து குறிப்புப் புத்தகத்தை ஒளித்துப் பழகிய பிள்ளைக்கு இதை விளங்கவைப்பது முதல் வேலை.

இனி, இந்தத் துறைக்குப் பரீட்சை எப்படி வந்தது என்பது. மன்னாருக்கு வலையமைப்பு புதிதல்ல. 1858இலேயே இலங்கையை இந்தியாவோடு இணைத்த தந்தி, மன்னார்த் தீவு வழியாகக் கடலடியில் போனது. 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த பாரத் லங்கா கண்ணாடி இழைக் கேபிளும் மன்னார் வளைகுடாப் பக்கமாகவே போனது; ஆனால் நம் கரையில் ஏறவில்லை.

கணினி வலையமைப்பு அலுவலகங்களுக்குள் நுழைந்த 1980களில் அதைப் பராமரிக்க ஆள் போதவில்லை. நொவெல் நிறுவனம் தன் நெட்வெயார் மென்பொருளை விற்க வேண்டுமானால் அதைத் தெரிந்தவர்கள் ஊரெங்கும் இருக்க வேண்டும் என்று கண்டு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் நல்ல மதிப்பு இருந்தது. விரைவிலேயே புத்தகத்தை மனனம் செய்து, ஒரு சேர்வரைக் கையால் தொடாமலே சான்றிதழ் வாங்கியவர்கள் பெருகினார்கள். அவர்களைக் ‘காகிதப் பொறியாளர்’ என்று தொழிலிலேயே இகழ்ந்தார்கள்.

அந்த அவப்பெயர் பரவிய காலத்தில்தான், 1993இல், சிஸ்கோ தன் உச்சநிலைச் சான்றிதழான சி.சி.ஐ.ஈ.யைத் தொடங்கியது. எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு இரண்டு நாள் ஆய்வுகூடச் சோதனை: கருவிகளைக் கட்டி ஓடவைக்க வேண்டும், பிறகு வேண்டுமென்றே கெடுக்கப்பட்டதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். சான்றிதழ் எண்களில் 1024ஐ அந்த ஆய்வுகூடத்துக்கே கொடுத்தார்கள். முதல் மனிதர் பெற்றது 1025. அடித்தளத்திலிருந்து கட்டாமல் கூரையிலிருந்து கட்டிய வீடு இது. கீழே படிக்கட்டு இல்லையே என்று பின்னர்தான் தோன்றியது. 1997இல் சிஸ்கோ வலையமைப்பு அகடமி 7 அமெரிக்க மாநிலங்களில் 64 கல்வி நிலையங்களோடு பிறந்தது. பாடசாலைகளுக்கு வலையமைப்புக் கருவிகளைக் கொடுத்தும் அவற்றைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லாமல் போனது. மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்ற யோசனைதான் அதன் வித்து. 1998இல் சி.சி.என்.ஏ. வந்தது. 1999இல் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படையைச் சோதிக்கும் நெட்வேர்க் பிளஸ் வந்தது.

பல தாள்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் கிடந்த சி.சி.என்.ஏ. 2020 பெப்ரவரி 24இல் ஒரே பரீட்சையானது. 120 நிமிடம். அதன் பாடப்பரப்பில் வலையமைப்பு அடிப்படைக்கு 20 வீதம், வலையை அணுகுதலுக்கு 20, ஐ.பி. இணைப்புக்கு 25, ஐ.பி. சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைக்கு 15, தன்னியக்கத்துக்கு 10. இந்த ஆறு எண்களைத்தான் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்வேன், 825ஐ அல்ல. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மனதில் கண்ட மனிதரின் உருவம் இந்த ஆறு எண்களில்தான் இருக்கிறது. அவருடைய வேலை நேரத்தில் கால்வாசி, ஒரு பொதி இங்கிருந்து அங்கே எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்ப்பதில் போகிறது. உங்கள் படிப்பு நேரத்திலும் கால்வாசி அதற்குப் போக வேண்டும்.

ஆனால் வீதத்தை மட்டும் பார்த்து நேரத்தைப் பங்கிடுவதும் சரியாகாது. உபவலைக் கணக்குக்கு என்று தனி வீதம் கிடையாது. அது அடிப்படையிலும் வரும், வழி காட்டும் பகுதியிலும் வரும், அணுகல் பட்டியல் எழுதும்போதும் வரும். அதை விரலில் வைத்துக்கொள்ளாதவருக்கு எல்லாப் பகுதியிலும் நேரம் ஒழுகும். பேசாலை அலுவலகக் கணக்கை ஒரு நிமிடத்துக்குள் காகிதம் இல்லாமல் போடும் வரை பழக வேண்டும். சிஸ்கோ பரீட்சையில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. ஆகவே வேகம் அறிவின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. நெட்வேர்க் பிளஸில் குறித்துவைத்துத் திரும்பலாம். தொடக்கத்தில் வரும் செய்முறைக் கேள்விகள் நீளமானவை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. பிழையான விடைக்கு நெட்வேர்க் பிளஸில் புள்ளி வெட்டுவதில்லை. எதையும் வெறுமையாக விடக் கூடாது.

கருவி இல்லையே என்ற குறையை இனிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட் டிரேசர் என்ற போலிச்செயல் மென்பொருளை சிஸ்கோ அகடமியில் பதிவு செய்தால் இலவசமாகப் பெறலாம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். அதில் ஒரு வலையைக் கட்டுவதைவிட, கட்டியதைக் கெடுத்துத் திருத்துவதில்தான் படிப்பு இருக்கிறது. நண்பர் ஒருவர் மூன்று இடங்களில் பிழை வைத்துத் தர, மற்றவர் அதைத் தேட வேண்டும். 1993இன் ஆய்வுகூடச் சோதனையின் உயிர் அதுதான்.

களவாக வெளிவந்த கேள்வி-விடைக் கட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவை மலிவாகக் கிடைக்கின்றன. பலர் நல்ல நோக்கத்தோடுகூட அவற்றைப் பகிர்கிறார்கள். அவற்றில் பிழையான விடைகள் ஏராளம் என்பது ஒரு புறம். பிடிபட்டால் சான்றிதழ் இரத்தாகும் என்பது இன்னொரு புறம். இவற்றைவிடப் பெரிய கேடு, அவை கேள்வியின் கடினத்தையே குலைப்பது. வாசற்படியில் நிற்கிற நூறு பேரில் 75 பேர் சொல்வார்கள் என்று கணித்த கேள்விக்கு 98 பேர் சரியாகச் சொன்னால் அந்தக் கேள்வி செத்துவிடுகிறது. அடுத்த தாள் கடினமாகிறது. நேர்மையாகப் படிக்கிற, கட்டணத்துக்குக் கடன் வாங்கிய ஒரு பிள்ளைதான் அந்தச் சுமையைத் தாங்குகிறது. சி.சி.என்.ஏ. கட்டணம் 300 டொலர். டொலர் 300 ரூபாவில் நின்றால் தொண்ணூறாயிரம் ரூபா. ஒரு கடற்றொழில் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் கடலுக்குப் போன காசு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். இதனால்தான் சி.சி.என்.ஏ.க்குக் கீழே, குறைந்த பாடப்பரப்பும் 50 நிமிட நேரமும் கொண்ட சி.சி.எஸ்.டி. என்ற சான்றிதழ் 2023 முதல் இருப்பதைப் பலருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டும். முதல் படி அதுவாக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

சி.சி.என்.ஏ.யில் தவறியவருக்கு அறிக்கையில் பகுதிவாரியாக வீதங்கள் வரும். அந்த வீதங்களைக் கூட்டி ஆறால் வகுத்து, “நான் எடுத்தது இவ்வளவு” என்று பார்ப்பதில் பொருளில்லை. பகுதிகளின் நிறை வேறு வேறு. ஆனால் எங்கே ஓட்டை என்று அவை காட்டும். ஐ.பி. இணைப்பில் 40 வீதம் என்று வந்திருந்தால், தன்னியக்கத்தில் வந்த 30 வீதத்தைவிட அதுதான் உங்களைக் கூடுதலாக இழுத்திருக்கிறது. வழி அட்டவணையை வாசிப்பது, ஒரே முகவரிக்குப் பல வழிகள் பொருந்தும்போது நீளமான முன்னொட்டைத் தேர்வது, நிலையான வழி எழுதுவது, ஓ.எஸ்.பி.எஃப். அயலவர் ஏன் சேரவில்லை என்று பார்ப்பது என்று அந்தப் பகுதியை அடியிலிருந்து தொடங்க வேண்டும். சிஸ்கோ விதிப்படி தவறிய பின் ஐந்து நாள் பொறுத்தால் மறுபடி எழுதலாம். நெட்வேர்க் பிளஸில் இரண்டாம் முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றாவதற்கு 14 நாள். விதி அனுமதிக்கிறது என்பதற்காக ஐந்தாம் நாளே ஓடுவது காசைக் கடலில் போடுவது.

ஒன்று மட்டும் இன்னும் நெருடுகிறது. சி.சி.என்.ஏ. ஆங்கிலத்திலும் யப்பானிய மொழியிலும்தான் எழுதலாம். கற்பனையில் மொழி இல்லாதிருந்த அந்த வாசற்படி மனிதர் பரீட்சை மண்டபத்தில் ஆங்கிலம் வாசிக்கிறவராக ஆகிவிடுகிறார். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு வரும் புள்ளியில் வலையமைப்பு அறிவோடு ஆங்கில வாசிப்பும் கலந்திருக்கிறது. 1971இல் வேண்டுமென்று செய்ததை இதோடு ஒப்பிட நான் தயாரில்லை. ஆனாலும் இது ஒரு பாரம்தான். விளக்கத்தைத் தமிழில் கேளுங்கள், தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். கேள்வியை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் வாசித்துப் பழகுங்கள். ‘இவற்றில் எது சரியல்ல’, ‘இவற்றுள் மிகப் பொருத்தமான இரண்டு எவை’ என்று கேட்கும் வாக்கியங்களில்தான் தெரிந்த விடையும் தவறிப்போகிறது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு மேலதிக நேரம் தரும் ஏற்பாடு இத்தகைய பரீட்சைகளில் உண்டு. விதி பரீட்சைக்குப் பரீட்சை மாறும். அதைப் பரீட்சை நிலையத்தில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. பணம் கட்டித் திகதி எடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.